பக்கத்து வீட்டு நோய்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்கா,

நான் சௌக்கியம். முதுகுவலி, நெஞ்செரிச்சல், ஆஸ்பத்திரி இயக்குநர் மேல் உள்ள கோபம் எல்லாம் வழக்கம்போல் இருக்கின்றன. மற்றபடி குறைவில்லை. நீயும் உன் தையல் மெஷினும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். உன் வீட்டில் தொலைபேசியை எடுப்பது உன் வீட்டுக்காரர். அம்மாவின் வயிற்றுக் கட்டியை நானே அறுவை செய்கிறேன் என்று சொன்ன அன்று, கூடத்தில் சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "இவனை நம்பி உசுர விட முடியுமா?" என்று கேட்டாரே, அன்றிலிருந்து அந்தக் குரலை என் காது ஏற்பதில்லை. அம்மா வேறொருவன் கையால் பிழைத்துப் பத்து வருடம் நன்றாக இருந்தாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும்.

சரி, சேதிக்கு வருகிறேன். என்னை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். இயக்குநர் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர். பரீட்சைக்கு என் குறிப்புகளை வாங்கிப் படித்துப் பாஸானவன். திருப்பித் தந்தபோது அட்டை கிழிந்திருந்தது, அதையும் நான் மறக்கவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, பல்லெல்லாம் தெரிய, "கிராமங்களுக்கு நடமாடும் மருத்துவமனை ஆரம்பிக்கிறோம் சார். உங்க அனுபவம் அங்கதான் தேவைப்படுது" என்றான். தண்ணீர் தெளித்து விட்டுவிட்டான் என்று அர்த்தம்.

நடமாடும் மருத்துவமனை என்பது ஓய்வு பெற்ற ஒரு டவுன் பஸ். நடுவில் இருந்த இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ரத்தம் சோதிக்க ஒரு மேஜை வைத்திருக்கிறார்கள். நோயாளிகள் காத்திருக்கப் பின்பக்கம் சில ஜன்னல் சீட்டுகள். கண்டக்டர் இழுக்கும் மணிக்கயிறு அப்படியே இருக்கிறது. எங்கள் நர்ஸ் அதை இழுத்துத்தான் ஆட்களைக் கூப்பிடுகிறார். இரண்டு மணி அடித்தால் அடுத்த ஆள் ஏறலாம், ஒரு மணி அடித்தால் அப்படியே நிற்க வேண்டும். அந்த அம்மாளுக்கு மேஜர் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவர் அதட்டினால் கொசு கூட விறைத்து நிற்கும். ஓட்டுநர் தனக்குத்தானே பைலட் என்று பெயர் வைத்துக்கொண்டவர். பொய்யில்லை, மேடு பள்ளத்தில் பறக்கத்தான் செய்கிறோம்.

முதல் நாள் ஒரே ஒரு பெரியவர் ஏறினார். நேராகப் போய் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார்.

"ஐயா, என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. டவுனுக்கு எப்ப எடுப்பீங்க?"

"இது பஸ் இல்லைங்க, ஆஸ்பத்திரி."

"நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். எடுங்க."

இறங்கவே மாட்டேன் என்றார். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று ரத்த அழுத்தம் பார்த்தால் எகிறிக் கிடந்தது. அங்கேயே மாத்திரை கொடுத்தோம். தான் போகவேண்டிய ஆஸ்பத்திரி தன்னைத் தேடி வந்து நிற்கிறது என்று புரிந்ததும் ஒரு சிரிப்புச் சிரித்தார் பார், அன்று முழுக்க எனக்குக் கோபமே வரவில்லை. சந்தேகப்பட்டு என் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டேன்.

உன் வீட்டுக்காரர் கேட்டால் இதையெல்லாம் சொல்லாதே. கேட்காவிட்டால் சத்தமாகச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி

*

பிப்ரவரி 16

அன்புத் தம்பி,

இங்கே எல்லோரும் இருக்கிறபடி இருக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நெஞ்செரிச்சலுக்குப் பாதிக் காரணம் சாப்பாடு, மீதி நீ.

உன் கடிதத்தைச் சத்தமாகவே படித்தேன். தையல் அறைக்கும் அவர் படுக்கும் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பெரியவர் "எடுங்க" என்று சொன்ன இடத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. "சிரிச்சீங்களா?" என்று கேட்டேன். "இருமல்" என்றார்.

பள்ளிச் சீருடை தைக்கும் வேலை குவிந்திருக்கிறது. அணைக் காலனிப் பெண்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்து கூடமாட உதவுகிறார்கள். நம் வீடு உனக்குத் தெரியுமே, மற்ற வீடெல்லாம் மேட்டில் இருக்க இது மட்டும் தனியாகக் கீழே. ஒரு பக்கம் பம்ப் ஷெட், மறுபக்கம் அணைத் தண்ணீர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பம்ப் சத்தம் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வருகிறது.

ஜலதோஷம் பிடித்தால்கூட இங்கிருந்து இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போகவேண்டியிருக்கிறது. போன மாதம் ஒருத்திக்கு முதல் பஸ்ஸிலேயே பிரசவம் ஆகிவிட்டது. கண்டக்டர் மயங்கி விழுந்தாராம், அவருக்குத்தான் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

உன் பஸ் எந்தெந்தப் பக்கம் போகிறது? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தபோது எனக்கு மூச்சுவிட நேரமில்லை. நான் நலம் என்பதை நம்பிக்கொள், மிச்சத்தைக் கேள்.

கூட்டம் வருகிறது! அந்த ஜன்னல் சீட்டுப் பெரியவர் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். செங்கல் சூளைக்குப் போனோம். சூளையில் ஒருத்திக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். கூப்பிட்டால் திரும்ப மாட்டாளாம், மேஸ்திரியையே மதிக்க மாட்டாளாம். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டு காதும் சிமெண்டு பூசியது போல் அடைத்துக் கிடந்தன. சொட்டு மருந்து ஊற்றி இளகவிட்டு, ஊறியதும் கழுவி எடுத்தோம். அந்த நேரம் பார்த்து மேஜர் மணியை இழுத்தார். துள்ளி எழுந்தாள்!

"ஏம்மா, இவ்வளவு சத்தமாவா அடிப்பாங்க?"

பஸ்ஸிலிருந்து இறங்கியவள் நேராக மேஸ்திரியிடம் போனாள். "இத்தனை வருஷமா என்னைப் பத்தி என்னென்ன சொன்னீங்க? இப்ப சொல்லுங்க கேக்கலாம்." அந்த ஆள் செங்கல் எண்ணப் போய்விட்டான். தாலுக்காவையே பிடித்துவிட்டது போல் நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். தியேட்டரில் எத்தனை வயிற்றைத் திறந்து மூடியிருக்கிறேன், யாராவது ஒரு தடவை கை தட்டியிருக்கிறார்களா?

இன்னொரு வேடிக்கை. இங்கே யாருக்கும் எந்த நோயும் இல்லை, எல்லாம் பக்கத்து வீட்டுக்குத்தான். ஏறுகிறவர்கள் உட்கார்ந்து, வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துகிறார்கள்: "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு ஒண்ணுக்குப் போனா எரியுதாம்." முதல் நாள், "அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். பாவம், அந்த மனுஷன் வாசல்வரை போய்விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான். இப்போது தெளிந்துவிட்டேன். யாராவது அப்படி ஆரம்பித்தால் மேஜர் திரைச்சீலையை இழுத்துவிட்டு, "டாக்டர், இன்னொரு பக்கத்து வீடு!" என்பார். "சரி, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சட்டையைக் கழட்டட்டும்" என்பேன்.

எங்கே போகிறோம் என்று கேட்டாய். ரூட் போடுவது நான்தான், அந்த மட்டில் நான் ராஜா. பஸ்ஸின் உள்சுவரில் ஒரு வரைபடம் ஒட்டி, பேனாவால் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். சூளை, உப்பளம், ரயில்வே கேட், மலையடிவாரத்தில் இரண்டு குடியிருப்பு. அணைச்சாலை பிரியும் முக்கு வரை வருகிறோம். அதற்கு மேல் சாலை மோசம் என்று கேள்வி.

வேலைக்கு நடுவில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.
உன் தம்பி

*

மார்ச் 21

அன்புத் தம்பி,

உன் குரலில் இப்படி ஓர் உற்சாகம் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. எழுத்துக்கும் குரல் உண்டு, சிரிக்காதே. நாங்கள் நலம்.

காது கேட்டவள் கதையை மேட்டுப் பெண்களுக்கெல்லாம் சொன்னேன். ஒருத்தி, "எங்க மாமியாருக்கு அந்த மருந்த ஊத்தக் கூடாது. காது கேக்காம இருக்கறதாலதான் வீடு நிம்மதியா இருக்கு" என்றாள்.

சாலை பற்றி எழுதியிருந்தாய். தார் போட்டு ஒரு வருடமாகிறது. போன வாரம் பம்புக்கு மோட்டார் ஏற்றிய லாரி வந்துவிட்டுப் போனது. தகவலுக்குச் சொன்னேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு அம்மா ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார். அவருடைய வீட்டுக்காரருக்குச் செருப்பில் இருந்த ஆணி உள்ளங்காலில் குத்திவிட்டது. மாதம் ஒன்றாகப் போகிறது, ஆறவில்லை. ஆனால் கொஞ்சம்கூட வலி இல்லை என்கிறார். வலி இல்லை என்றால் நல்லதுதானே?

நேரம் கிடைக்கும்போது எழுது.
அக்கா

*

ஏப்ரல் 5

அன்புள்ள அக்கா,

சௌக்கியமா? நான் சௌக்கியத்துக்கும் மேலே! இன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இயக்குநர் பார்வையிட வந்தான். கூடவே படம் பிடிக்க ஒரு ஆள். இயக்குநர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், வெள்ளை ஷூ. உப்பளத்துக்குப் போகிற வழியில் பஸ் சேற்றில் இறங்கிவிட்டது. பைலட் எட்டிப் பார்த்து, "சார், விமானம் தரையிறங்கிடுச்சு" என்றார். மேஜர் மணியை விடாமல் அடித்தார். உப்பு வாரிக்கொண்டிருந்த சனம் மொத்தமும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தது. "நம்ம ஆஸ்பத்திரி மாட்டிக்கிச்சு!" என்று ஒருவன் கத்தினான். நம்ம ஆஸ்பத்திரி! கேட்டாயா? தள்ளினார்கள். இயக்குநரும் படத்துக்காக ஒரு கை வைத்தான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியதில் அவன் தலைமுதல் கால்வரை சேறு. என் குறிப்புப் புத்தகத்தின் அட்டைக்குக் கணக்கு நேராகிவிட்டது.

ஆனால் மனுஷன் திட்டவில்லை. வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான், மத்தியானம் வரை அங்கேயே நின்றான். கிளம்பும்போது, "வியாழக்கிழமையும் பஸ்ஸ நீங்களே வச்சுக்கங்க சார். எங்க போறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றான். திட்டுவதற்கு வாயில் வைத்திருந்த வார்த்தையை விழுங்கவேண்டியதாகிவிட்டது.

ஆக, இதுவரை பஸ் ஓடாமல் நின்ற வியாழக்கிழமை இப்போது என் கையில் காலியாக இருக்கிறது. எந்த ஊருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொல்: வலி இல்லாதது நல்லதே அல்ல. காலில் உணர்ச்சி மரத்துப் போயிருக்கிறது, பெரும்பாலும் சர்க்கரையாக இருக்கும். இரண்டு பஸ் மாறினாலும் பரவாயில்லை, டவுன் ஆஸ்பத்திரிக்கு உடனே போகட்டும். வீம்பு பிடிக்கிற ஆளாக இருந்தால் நாலு திட்டு திட்டிக் கூட்டிப் போகச் சொல்.

உன் தம்பி

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரன் மேல் சந்தேகப்பட்டு ஒரு சண்டை போட்டுவிட்டேன். அவன் என் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ரயில்வே கேட்டில் ஒரு குழந்தைக்கு ஆறு விரல் என்று மூடி மூடி வைத்திருந்தார்கள். இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், எண்ணக் கற்றுக்கொள்ள வசதி என்று சொன்னேன். அந்தத் தாய் சிரித்துக்கொண்டே குழந்தையின் கையை வெளியே எடுத்தாள். இப்போதெல்லாம் நான் ஜோக் சொல்கிறேன், அதற்கு ஆட்கள் சிரிக்கவும் செய்கிறார்கள்.

வியாழக்கிழமையை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. பைலட் தினமும் நச்சரிக்கிறார்.

"அணைக் காலனிக்குப் போலாமே சார். புது ரோடு, வழுக்கிட்டுப் போகும்."

"டீசல் அதிகம் ஆகும்."

"டீசல் நம்ம வீட்டுதா சார்?"

வாயை மூடிக்கொண்டு ஓட்டும்படி சொல்லிவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது.
உன் தம்பி

*

மே 7

அன்புத் தம்பி,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. தையல் வேலை அதிகம். வீட்டில் தாள் தீர்ந்துவிட்டதால் சட்டை அளவு வரைகிற காகிதத்தில் எழுதுகிறேன்.

நீ சொன்னதைப் பக்கத்து வீட்டு அம்மா அப்படியே சொல்லிப் பார்த்தாராம். திட்டியும் பார்த்தாராம். அவர் அசையவில்லை. "இவ்வளவு வயசு நடந்த கால், அதுக்கு வழி தெரியும்" என்கிறாராம். இப்போது சுண்டுவிரல் கறுத்திருக்கிறது. வாடை வருகிறது. டவுனுக்குக் கூட்டிப் போக அந்த அம்மாவால் தனியாக முடியாது, அவர் கனமான ஆள்.

உன் பஸ் மணிச் சத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் கேட்க வேண்டும் போல் இருக்கிறது.

சாப்பிட மறக்காதே.
அக்கா

*

மே 11

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைக் காலனிக்கு வரும் முதல் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன், கைக்கு வந்ததும் படி.

மத்தியானம் பஸ்ஸில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். மேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன டாக்டர்?" என்றார். "ஒண்ணுமில்ல. எங்க அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கு விரல் கறுத்துடுச்சாம்" என்று சொன்னேன். வழக்கமாகப் பக்கத்து வீடு என்று காதில் விழுந்தாலே சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. மெதுவாக, "டாக்டர், இன்னொரு பக்கத்து வீடு" என்றார்.

அக்கா, உன் வீட்டுக்குப் பக்கத்தில் வீடு ஏது? ஒரு பக்கம் பம்ப் ஷெட். மறுபக்கம் தண்ணீர்!

நாள் முழுக்கக் கண்டவர்களின் பக்கத்து வீட்டைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? தெரிந்துகொள்ளக் கூடாது என்று இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அது எப்படியோ போகட்டும்.

வியாழக்கிழமை காலை வருகிறோம். அதுவரை அவர் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. வெந்நீரில் காலை வைக்கக் கூடவே கூடாது, வெந்தாலும் அவருக்குத் தெரியாது. சுத்தமான துணியால் மூடி வை. காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ வியாழனுக்குக் காத்திருக்காதே, உன் வீட்டு போனிலிருந்தே அடி. நான் எடுக்கிறேன். யார் பேசினாலும் எடுக்கிறேன்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். நான் அவருக்காக வரவில்லை. அணைக் காலனியில் இருநூறு வீடு இருக்கிறது, அதில் ஒன்றில் அவர் இருப்பது தற்செயல். கோபம் அப்படியே இருக்கிறது. கால் வேறு, கோபம் வேறு.

தம்பி

*

மே 29

அன்புத் தம்பி,

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவர் நலம். அதனால் நானும் நலம், இந்தத் தடவை நிஜமாகவே. நீ நன்றாகத் தூங்கினாயா?

நீ கூடவே இருந்தாய், ஆனாலும் உனக்குத் தெரியாததையெல்லாம் எழுதிவிடுகிறேன். "என் காலைப் பத்தி அவனுக்கு ஒரு எழுத்து எழுதினே, தெரியும் சேதி" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நான் சத்தியத்தை மீறவில்லை. பக்கத்து வீட்டைப் பற்றித்தானே எழுதினேன்?

வியாழக்கிழமை நீ வருகிறாய் என்று சொன்னதும் கத்துவார் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் சவரம் செய்துகொண்டு, அணையில் வேலை பார்த்த காலத்துச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "போகலாமா?" என்றேன். "அவன் வந்து கூப்பிடாம நான் போக மாட்டேன்."

நீயோ பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு மேட்டுக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வந்து கூப்பிட்டபோது, "வரிசையில வரட்டும். நான் போய்க் கூப்பிட மாட்டேன்" என்றாய். மணி அடிக்கும், ஒரு ஆள் ஏறுவான். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இன்னுமா முடியல அவனுக்கு?" என்பார். வீட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் எத்தனை நடை நடந்தேன் தெரியுமா? உங்கள் இரண்டு பேரையும் ஒரே துணியில் வைத்துத் தைத்துவிடலாமா என்று தோன்றியது.

கடைசியில் உங்கள் மேஜர்தான் இறங்கி வந்தார். வாசலில் நின்று, "பக்கத்து வீட்டுக்காரரு யாருங்க? பஸ் கிளம்பப் போகுது. ஏர்றதுன்னா ஏறுங்க, இல்லைன்னா கதவைச் சாத்தறேன்" என்றார். வாழ்நாளில் இவரை யாரும் அப்படி அதட்டியதில்லை. பேசாமல் பைலட் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டே கிளம்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் படிக்கட்டில் நின்று கேட்டேன். பின்னாளில் நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு விதமாக மாற்றிச் சொல்வீர்கள், அதனால் எழுதி வைக்கிறேன். அவர் நேராகப் போய் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார். நீ முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, "என்ன பண்ணுது?" என்றாய்.

"ஒண்ணும் பண்ணல. டவுனுக்கு எப்ப எடுப்பீங்க?"

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு உன் கடிதம் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறார் என்று உனக்கு அப்போதுதானே புரிந்தது? உன் வாய் கோணியதை நான் பார்த்தேன். அதை நீ இருமல் என்று சொல்லக் கூடாது.

பிறகு நீ காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய். கணுக்காலில் விரலை வைத்து நாடி பார்த்தாய். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"உன்னை நம்பி உசுர விட முடியுமான்னுதான் அன்னைக்குக் கேட்டேன். காலைப் பத்தி ஒண்ணும் கேக்கலையே."

"பேசாம நீட்டுங்க" என்றாய்.

அன்று மாலை அந்தப் பஸ் நிஜமாகவே டவுனுக்குப் போயிற்று. மேட்டுச் சனமெல்லாம் வழியெங்கும் நின்று கை ஆட்டியது, கல்யாணக் கோஷ்டி போல் இருந்தது.

இனி, உனக்குத் தெரியவே தெரியாத ஒன்று. ஆஸ்பத்திரியில் தியேட்டரை உனக்குக் கொடுக்க வேண்டும் என்று நீ மாடியில் இயக்குநரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய் அல்லவா? அப்போது கீழே இவரைத் தள்ளுநாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். இளம் டாக்டர் ஒருவர் வந்து, "தலைமை சர்ஜன் ஃப்ரீயா இருக்காரு. அவரே பண்ணிடுவாரு, கவலைப்படாதீங்க" என்றார். கூடம் நிறைய ஆட்கள். இவர் குரல் உனக்குத் தெரியுமே, அணைக்கு அந்தக் கரையில் நிற்கிறவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"என் மச்சான் இருக்கான். அவன்தான் கத்தி வைக்கணும். வேற எவனும் என் காலைத் தொடக் கூடாது."

கூடமே திரும்பிப் பார்த்தது. நீ மாடியில் இருந்தாய். அது உன் காதில் விழுந்திருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 9

அத்தானுக்கு,

நலமாக இருப்பீர்கள், இருக்கவேண்டும். இல்லாவிட்டால் என் பெயர்தான் கெடும்.

காயம் சுத்தமாக ஆறுகிறது என்று சோதனை முடிவு வந்திருக்கிறது. நான் வெட்டி எடுத்த சுண்டுவிரல் போனது போனதுதான், கால் உங்களுடையதே. மாத்திரையை அக்காவுக்குத் தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே வீசுகிறீர்கள் என்று எனக்குத் தகவல் வந்தது. தகவல் தந்தது யார் என்று சொல்லமாட்டேன், எனக்கும் உளவாளிகள் உண்டு. உள்ளங்காலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். செருப்பைப் போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

வியாழக்கிழமை இனி நிரந்தரமாக அணைக் காலனிக்குத்தான். சுவர் வரைபடத்தில் கோட்டை நீட்டினேன். நான் பேனாவை எடுத்ததும் மேஜர் இரண்டு மணி அடித்தார், பைலட் ஹாரன் அடித்தார். தெருவில் போகிறவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் குதியாட்டமாகத்தான் இருந்தது.

அம்மா விஷயத்தில் கூடத்தில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கூடத்தில் சொன்னதையும் அக்கா எழுதிவிட்டாள். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வியாழக்கிழமை காலைக் காட்டும்போது அதைப் பற்றிச் சாவகாசமாகச் சண்டை போடலாம். ஜன்னல் சீட்டை உங்களுக்கென்று பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மச்சான்

*

ஜூன் 17

மச்சானுக்கு,

ஒன்பது விரலும் நலம். உன் நலம் உன் அக்கா சொல்லித் தெரியும்.

பஸ் நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. சரளை கொட்டச் சொல்லியிருக்கிறேன். மணிக்கயிறு பிய்யும் நிலையில் இருக்கிறது, பம்ப் ஷெட்டில் நல்ல கயிறு உண்டு, மாற்றித் தருகிறேன். போன வாரம் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. இது பழக்கமாக வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவருக்குச் சின்ன எழுத்து மங்கலாகத் தெரிகிறதாம். வலி இல்லையாம். வரும்போது அவரையும் கொஞ்சம் பார்.

அத்தான்